மாடி விற்ற பணம் வயலுக்கு வரட்டும்

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து மேற்கே லாலி ரோட்டைக் கடந்தவுடன், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வெகு அருகிலேயே, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் வயல்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடப்பதைக் காணும் வெளியூர்க்காரர் ஒருவர், இந்த நகரம் தன் விளைநிலங்களைப் போற்றிக் காத்து வருகிறது என்று எண்ணிக்கொள்ளக் கூடும். உண்மை அதுவன்று. 1906-இல் சைதாப்பேட்டையிலிருந்து விவசாயக் கல்லூரி இங்கே இடம் பெயர்ந்து வந்ததாலும், 1912-இல் நெல் ஆராய்ச்சிக்கும் கரும்பு ஆராய்ச்சிக்கும் தனித்தனி நிலையங்கள் இங்கே ஏற்பட்டதாலும், அந்தப் பூமியெல்லாம் சர்க்காரின் உடைமையாக இருப்பதாலுமே அந்த வயல்கள் வயல்களாக நிற்கின்றன. அதே மண்ணும் அதே மழையும் வாய்த்து, பட்டா மட்டும் ஒரு குடியானவர் பெயரில் இருந்த நிலங்களோ வடவள்ளிப் பக்கத்திலும் வீரகேரளத்துப் பக்கத்திலும் பேரூர் சாலையிலும் வரிசை வரிசையாக எல்லைக்கல் நடப்பெற்று, சென்ட் கணக்கில் கிரயமாகி, வீடுகளாகிவிட்டன. ஓரிடத்தில் வயலைக் காத்தது உடைமை. மற்றோரிடத்தில் அதைக் காக்க எவருக்கும் எவரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

வீடு கட்டிக் குடியேறியவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நகராட்சித் தலைவராக விளங்கி, சிறுவாணித் தண்ணீரை இந்நகருக்குக் கொண்டுவரப் பாடுபட்ட சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆர்.எஸ்.புரமே, ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த பூமியில் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்புதான். நேரான தெருக்களும் மரநிழலும் காற்றோட்டமும் உள்ள பேட்டையாக அதை வகுத்த பெரியோர் ஒரு நற்காரியத்தையே செய்தனர். ஜனத்தொகை பெருகும், பெருகுகின்றவர்களுக்கு வீடு வேண்டும். நகரம் எந்தத் திக்கில், எந்த நிலத்தின் மேல், யாருடைய செலவில் வளர வேண்டும் என்பதே விவாதத்துக்குரிய விஷயம். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக ஒரே மூச்சில் விரிந்தபோது இந்தக் கேள்விக்கு விடை கண்டிருக்க வேண்டும். அன்று காணவில்லை, இன்றேனும் காண வேண்டும்.

வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறக்கும் நொய்யல், பேரூரை அடைவதற்கு முன்பே சித்திரைச்சாவடி அணைக்கட்டில் திருப்பப்பெற்று, வாய்க்கால் வழியாக நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களை நிரப்பி வந்த அமைப்பு, இந்நாட்டு முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளுள் தலையாயது. முத்தண்ணன் குளம் ஆர்.எஸ்.புரத்தின் காலடியில் இருக்கிறது. குளங்கள் இன்னும் பெயரளவிலாவது இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நடைபாதை போடவும் விளக்கு நாட்டவும் பணமும் வருகிறது. ஆனால் குளத்துக்குக் கீழே பாய்ச்சல் பெற்ற ஆயக்கட்டு எங்கே? ஆயக்கட்டு போனபின் மதகைத் திறப்பாரில்லை, வாய்க்காலைத் தூர்வார ஊர்கூடுவாரில்லை, வாய்க்கால் சாக்கடையாகிறது, குளம் கழிவுநீர்த் தேக்கமாகிறது. நீர்நிலையைக் காப்பவன் அதிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகின்றவன்தான் என்ற எளிய உண்மையை, அவனை இழந்த பின்பே நாம் தெரிந்துகொண்டோம்.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதந்தோறும் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. பொன் வேண்டி வந்த சுந்தரருக்குக் கையில் ஒன்றுமில்லாமையால், இறைவனும் அம்மையும் உழவுத் தொழிலாளர் கோலங்கொண்டு வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தனர் என்பது ஐதிகம். தெய்வத்தையே சேற்றில் இறக்கிப் பார்த்த ஊர், அந்தச் சேறு இருந்த இடங்களை ஒவ்வொன்றாக மண் கொட்டி மேடாக்கி வருவது எனக்குத் தாங்கவொண்ணாத வேதனையைத் தருகிறது.

நிலத்தை விற்ற விவசாயி மீது பழியைப் போடுவது சுலபம். ஆனால் அது அநியாயம். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயமும் வாழையும் பாக்கும் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிணறு வற்றி ஆழ்குழாய் போட்டு, அதுவும் கைவிட, மறுபடி போட்ட கடன் ஒருபுறம். கூலிக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் ஒருபுறம். யானையும் காட்டுப்பன்றியும் மயிலும் தின்றது போக மிஞ்சிய விளைச்சலுக்கு மண்டியில் கிடைக்கும் விலை ஒருபுறம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நிற்கும் குடும்பமுங்கூடப் பாகப்பிரிவினை வரும்போது நிலைகுலைந்து போகிறது. 1989-இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தத்தால் பெண்மக்களுக்கும் பிதிரார்ஜிதச் சொத்தில் சமபங்கு கிடைத்தது. அது நெடுங்காலமாய் மறுக்கப்பட்டிருந்த நியாயம். திருப்பூரிலோ பெங்களூரிலோ வாழ்க்கைப்பட்டுப் போன மகளுக்கு அவள் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து அத்தனை பணம் எந்தக் காலத்திலும் புரளாது. ஆகவே பூமியை விற்பதொன்றே வழியென்று ஆகிவிடுகிறது. புரோக்கர் அட்வான்ஸோடு வாசலில் நிற்பது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். தகப்பனாருக்கு வைத்தியம், மகனுக்குப் படிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. காரணம் எதுவாயினும், அந்த மனிதருக்கு வேண்டியது ரொக்கம். அவரிடத்தில் விற்பதற்கு இருக்கும் ஒரே பொருள் நிலம்.

இந்த நிலைமைக்கு நம் சர்க்கார்கள் இதுவரை கண்ட மருந்து, தடை விதிப்பது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் விவசாய மண்டலம் என்று வரைபடத்தில் பச்சை வர்ணம் தீட்டினார்கள். 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்து, மேற்குமலை அடிவாரத்துக் கிராமங்களை அதன் ஆளுகையில் கொண்டுவந்தார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவிட்டுத் தமிழ்நாடு முழுவதையும் திடுக்கிட வைத்தது. மறு வருஷமே, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள விதிகள் வெளியாயின. கட்டணம் செலுத்தினவர்களுக்குக் கதவு திறந்தது. காவிரி டெல்டாவுக்கென்று 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது எண்ணெய்க் கிணறு போன்ற தொழில்களைத் தடுப்பதே தவிர, வயல் மனையாவதைத் தடுப்பதன்று. கொங்கு நாட்டுக்கு அதுவும் இல்லை. கோவைக்கு 1994-இல் வகுத்த முழுமைத் திட்டமே ஏறத்தாழ முப்பது வருஷம் நடைமுறையில் இருந்து, 2041-ஆம் ஆண்டை நோக்கிய புதிய வரைவு 2024-இல்தான் வெளிவந்தது. இந்த இடைவெளியில் வரைபடத்துப் பச்சை, ஒவ்வொரு சர்வே எண்ணாக, மனுவின் பேரில் மஞ்சளாக மாறிய கதையை உள்ளூரில் அறியாதவர் இல்லை.

தடை ஏன் தோற்கிறது? நகரத்தாரின் நன்மைக்காக ஒரு விவசாயி தன் நிலத்தின் உயர்ந்த விலையைத் தியாகம் செய்ய வேண்டும், அடுத்த வரப்புக்காரர் மட்டும் வரைபடக் கோட்டுக்கு அப்பால் இருந்த அதிர்ஷ்டத்தால் கோடீசுவரராகலாம் என்ற ஏற்பாடு தர்மத்துக்கே விரோதமாயிருக்கிறது. அநீதியின் மேல் எழுப்பிய தடையை உடைக்க எல்லோரும் சேர்ந்துகொள்வர். அதைக் காக்க ஒருவரும் முன்வரமாட்டார்.

அன்னூரில் நடந்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பூங்கா அமைக்க 3,862 ஏக்கர் எடுப்பதாக 2021-இல் அரசாணை வெளியானபோது, அப்பகுதி விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேலாகப் போராடினர்; 2022 டிசம்பரில், தனியார் நிறுவனத்தின் கைவசமிருந்த 1,630 ஏக்கர் மட்டுமே எடுக்கப்படும் என்றும், விவசாயிகள் இசையாமல் அவர்கள் நிலம் தொடப்படாது என்றும் சர்க்கார் அறிவித்தது. அந்தப் போராட்டம், விற்பதற்கு விருப்பமில்லாத விவசாயி கொங்கு நாட்டில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார் என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம். அதே அன்னூர்ப் பக்கத்துக்கு, அறுபது வருஷத்துக்கும் மேலான வேண்டுகோளின் பயனாக, 1,916 கோடி ரூபாய்ச் செலவில், பவானித் தண்ணீரை ஏற்றி 1,045 ஏரி குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தடி நீர் ஏறுகிற இடத்தில் நிலத்தின் விலையும் ஏறும். பொதுப்பணத்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரால் விளைய வேண்டிய புஞ்சை மனைப்பிரிவாவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது விவேகமாகாது.

கட்டாயமாக எடுப்பதும் வேண்டாம், கைக்காசு கொடாமல் தடுப்பதும் வேண்டாம் என்றால் மூன்றாவது உபாயம் ஒன்று இருக்கிறது. ஒருவருடைய நிலத்தில் உழுகிற உரிமை, விற்கிற உரிமை, மக்களுக்குக் கொடுக்கிற உரிமை, தண்ணீர் எடுக்கிற உரிமை என்று பல அடங்கியிருப்பது போலவே, அதன்மேல் கட்டடம் எழுப்புகிற உரிமையும் ஒன்று. அந்த ஓர் உரிமையை மட்டும் பிரித்தெடுத்து, நிலத்தை விவசாயியிடமே விட்டுவிட்டு, நகரத்தில் கூடுதல் மாடி கட்ட விரும்புகின்ற ஒருவருக்கு விற்க அனுமதித்தால் என்ன? விற்றபின் அந்த நிலத்தில் உழவும் ஆடுமாடும் இருக்கலாம், தோட்டத்துச் சாளை இருக்கலாம், நிலத்தை மற்றொரு விவசாயிக்குக் கிரயம் செய்து கொடுக்கவும் செய்யலாம். மனைப்பிரிவு மட்டும் எக்காலத்திலும் வராது. வாங்கியவர், எங்கே கட்டலாமென்று திட்டத்தில் குறித்திருக்கிறதோ அங்கே, சாதாரணமாகக் கிடைப்பதற்கு மேல் தளங்களைக் கட்டிக்கொள்வார். பாகப்பிரிவினைக் காலத்தில் மகளுக்குக் கொடுக்க ரொக்கமும் கிடைத்தது. தோட்டமும் தோட்டமாக நின்றது.

இது நூலறிவு மட்டுமன்று. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரை அடுத்த மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில், தலைநகரம் தங்கள் பண்ணைகளை விழுங்கிவிடும் என்று அஞ்சிய ஜனங்கள், 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை விவசாயக் காப்பு நிலமாக வகுத்தார்கள். 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று கட்டுப்பாடு விதித்த கையோடு, 5 ஏக்கருக்கு ஓர் உரிமை வீதம் விற்றுக்கொள்ளும் அதிகாரத்தையும் விவசாயிகளுக்கு வழங்கினார்கள். நூறு ஏக்கர்ப் பண்ணைக்காரருக்கு இருபது உரிமை; அவற்றை வாங்கி, ரயில் நிலையங்களுக்கும் கடைவீதிகளுக்கும் அருகே நெருக்கமாக வீடு கட்டுகின்ற நிறுவனங்கள் விலை கொடுத்தன. இந்த வகையில் 50,000 ஏக்கருக்கு மேல் நிரந்தரமாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. சர்க்காரின் கஜானாவிலிருந்து அதற்குப் பெரும் பணம் போகவில்லை. நியூயார்க்கை அடுத்த சஃபோக் கவுண்டியோ 1974-இல் வேறு வழியை மேற்கொண்டு, பொதுப்பணத்திலேயே அந்த உரிமைகளை வாங்கி, மறுபடி எவரும் பயன்படுத்தாதபடி வைத்துக்கொண்டது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமான ஏற்பாடன்று. 1991-இல் பம்பாய் தன் கட்டட விதிகளில் இதைப் புகுத்தியது. தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும், 2019 முதல், சாலை விரிவாக்கம் முதலான பொதுக்காரியங்களுக்கு நிலத்தை இனாமாக விட்டுக்கொடுப்பவருக்கு அபிவிருத்தி உரிமைச் சான்றிதழ் வழங்க இடமிருக்கிறது. சாலைக்காக நிலத்தை விட்டவருக்கு உண்டென்றால், சோற்றுக்காக நிலத்தை விட்டுவைத்தவருக்கு ஏன் இல்லை? இதுவே என் கேள்வி. சட்டத்தில் தடை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை, மனத்தில்தான் தடை.

இங்கே ஒரு முக்கியமான இடையூற்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய விதிப்படி, மனையின் பரப்பைப்போல் 2 மடங்கு தளப்பரப்பு சாதாரணக் கட்டடங்களுக்கும், 3.25 மடங்கு உயர்ந்த கட்டடங்களுக்கும் அனுமதியாகிறது. அதற்கு மேலும் வேண்டுமானால், முன்னாலுள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை, சர்க்காருக்குக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று கட்டட உலகத்தார் அதைச் சொல்கிறார்கள். அதாவது, ஆர்.எஸ்.புரத்தின் டி.பி. ரோட்டிலோ கௌலி பிரௌன் ரோட்டிலோ எழும் ஒரு கட்டடத்தின் மேல்தளங்களுக்குரிய ஆகாயத்தைச் சர்க்கார் விற்றுக் காசாக்குகிறது. சர்க்காரிடமே நினைத்த நேரத்தில் கடைச்சரக்குப்போல் அது கிடைக்குமானால், கட்டுகின்றவர் எதற்காகத் தொண்டாமுத்தூருக்குப் போய் ஒரு விவசாயியைத் தேடி, சிட்டா அடங்கல் பார்த்து, பேரம் பேசி வாங்கப் போகிறார்? ஆகவே இந்தத் திட்டம் பலிக்க வேண்டுமானால், கோவைத் திட்டப் பகுதிக்குள் கூடுதல் தளப்பரப்பின் முதற்பகுதியை விவசாயியின் சான்றிதழைக் கொண்டுதான் பெறலாம், எஞ்சியதற்கே சர்க்கார் கட்டணம் என்று விதியைத் திருத்த வேண்டும். கஜானாவுக்கு வருமானம் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் நகரத்தின் உயரத்துக்கு விலை உண்டானதே, நகரத்தைச் சூழ்ந்த கிராமங்கள் தண்ணீரும் உணவும் உழைப்பும் தந்து அதை வளர்த்ததால்தான். அந்த விலையில் முதற்பங்கு கிராமத்துக்குச் சேர வேண்டியதென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆர்.எஸ்.புரத்து வாசிகள் இதை எதிர்ப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களுடைய ஆட்சேபத்தில் நியாயமும் இருக்கிறது. வாகனம் நிறுத்த இடமில்லாமல் பல அடுக்கு நிறுத்தகம் கட்டும் நிலைக்கு வந்துவிட்ட பேட்டை இது. பொன்னுரங்கம் வீதியிலும் லோகமான்ய வீதியிலும் இன்னும் நான்கு மாடி ஏறினால் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தாங்குமா என்று அவர்கள் கேட்கலாம். தாங்காத தெருவில் ஏற்றச் சொல்லவில்லை. அகன்ற சாலைகளும் பஸ் வசதியும் உள்ள இடங்களைத் தேர்ந்து, அங்கே குழாயையும் வடிகாலையும் பெரிதாக்கிவிட்டே கூடுதல் தளங்களுக்கு இசைவு தர வேண்டும். ஆனால் ஒன்றை அவர்களும் சிந்திக்க வேண்டும்: இங்கே மேல்நோக்கி வளர மறுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேற்கே எங்கேயோ ஒரு தோப்பு வெட்டுப்படுகிறது, அங்கே போய்க் குடியேறுகின்றவர்களும் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் இதே டி.பி. ரோட்டுக்குத்தான் காரில் வந்து சேர்கிறார்கள்.

பம்பாயின் அநுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை வேறு. அங்கே குடிசை மாற்றுத் திட்டங்களின் வழியாக உரிமைகள் வெள்ளமாய்ப் பெருகி, தீவு நகரத்தில் பயன்படுத்தத் தடையிருந்தமையால் வடக்குப் புறநகர்களிலேயே வந்து குவிந்து, தெருக்களின் தாங்கும் சக்தியைப் பற்றிய சிந்தையே இல்லாமல் கட்டடங்கள் எழுந்தன. வாங்கும் இடத்தை அளவறிந்து முதலில் வகுத்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அளவே விற்கும் உரிமையை வழங்கினால் இந்த ஆபத்து வராது. விலை சரிந்து விவசாயி ஏமாறாதபடி, குறைந்தபட்ச விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் வங்கி ஒன்றைச் சர்க்கார் நடத்த வேண்டும். இல்லையேல் புரோக்கர் கையில் சான்றிதழ் பாதி விலைக்குப் போய்ச் சேரும். மனைப்பிரிவுக்குத் தடை என்ற குறிப்பு வில்லங்கச் சான்றில் நிரந்தரமாக ஏறியிருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து வரும் ஒரு வரன்முறை உத்தரவு அதை அழிக்க முடியாதபடி சட்டமே காக்க வேண்டும். பட்டாதாரருக்குப் பணம் போய், அந்நிலத்தில் காலமெல்லாம் வேலை செய்த குத்தகைதாரரும் கூலிக்காரரும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பது இவை எல்லாவற்றினும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்பனைத் தொகையில் ஒரு பங்கை அந்த ஊரின் வாய்க்கால், குளம், தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றுக்கென்று ஒதுக்கிவிடலாம். பெறுகின்ற விவசாயியும் இதை மறுக்கமாட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கொரு ஏக்கர் இங்கொரு ஏக்கராகக் காப்பது பயனற்ற வேலை. நான்கு பக்கமும் வீடு சூழ்ந்த வயலுக்குத் தண்ணீர் வராது, அறுவடை இயந்திரம் போக வழியிராது, எலியும் குப்பையும்தான் வரும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து மாடு மேய்க்கும் அந்த மேய்ச்சல் நிலம், தொடர்ச்சியாக இருந்தால்தான் காங்கேயம் காளைக்கு ஜீவனம், நடுவில் மின்சாரத் தகடுகள் நட்ட காடு வந்துவிட்டால் வேலி அறுந்து, மேய்ச்சல் முறையும் அறுந்துபோகும். ஆகையால் ஓர் ஆயக்கட்டு, ஒரு குளத்துப் பாசனம், ஒரு கொரங்காட்டுத் தொகுதி என்று முழுமுழுப் பகுதிகளாகத் தேர்ந்து, அங்குள்ள விவசாயிகள் பெரும்பாலோர் சேர்ந்து இசைந்தால் உரிமைக்கு அதிக விலை என்று வைக்க வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் சித்திரைச்சாவடி வாய்க்காலின் தலைமாட்டில் எஞ்சியிருக்கும் பாசன நிலம். மலையிடப் பாதுகாப்பு விதிகளால் ஏற்கெனவே கட்டுண்டு, நஷ்டஈடு எதுவும் பெறாமல் தடையை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் கிராமங்களும் அதை ஒட்டியே இருக்கின்றன. முதல் சான்றிதழ்கள் அந்தக் கிராமத்தாருக்குப் போய்ச் சேர்வதே முறை. எந்தச் சர்வே எண்ணில் இன்று பயிர் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கலிலிருந்தே எடுத்துவிடலாம். வாங்கும் பகுதியாக அகன்ற சாலைகள் இரண்டையோ மூன்றையோ முதலில் குறித்தால் போதும். நகர் ஊரமைப்புத் துறையும் வருவாய்த் துறையும் பத்திரப்பதிவுத் துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அடுத்த பாகப்பிரிவினைக்கும் அடுத்த அட்வான்ஸுக்கும் முன்பாக அவர்கள் உட்கார வேண்டும்.